14. புள்ளியில் தொடங்கும் பெயர்

புதுக் கம்ப்யூட்டர் வந்து நான்கு நாளாகிவிட்டது. பொடிசின் விரல்கள் இன்னும் பழைய வீட்டில்தான் குடியிருந்தன.

நகல் எடுக்க வழக்கமான பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இங்கே அதற்கு வேறு பொத்தான். ஜன்னலை மூட வலது மூலைக்குப் போனாள். மூடுகிற சிவப்பு வட்டம் இடது மூலையில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தைக் கீழே தள்ளினால் அது மேலே போனது.

பன்னிரண்டு வருடம் லினக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவிட்டு ஆப்பிளின் மேக்குக்கு மாறினால் இப்படித்தான். மாறாமலும் இருக்க முடியாது. அவள் எழுதிய ஆப் அடுத்த மாதம் ஐபோனுக்கும் போக வேண்டும். அதைத் தயாரிக்க மேக் இல்லாமல் ஆகாது.

பொடிசு என்பது அக்கா வைத்த பெயர். இப்போது வயது முப்பத்து நான்கு, உயரம் ஐந்தடி ஒன்பது. வாசல் நிலையில் தலை இடிக்கிறது. பெயர் மட்டும் வளரவில்லை.

மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கம்ப்யூட்டர் மாறும் டெவலப்பர்களுக்குப் பத்தொன்பது குறிப்புகள்.' போன வருடம் நண்பனுக்காக எழுதி இணையத்தில் போட்டது. முன்பின் தெரியாத ஆயிரத்து சொச்சம் பேர் அதைப் படித்துவிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். இப்போது அவளே அதை வரிசையாக டிக் செய்துகொண்டு வந்தாள்.

முதல் குறிப்பு: மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடி அலையாதே, பட்டியலாக எழுதி வை, ஒரே கட்டளையில் எல்லாம் வந்து இறங்கும். டிக். நான்கு: காப்பி செய்த கடைசி ஐம்பது துண்டுகளை ஞாபகம் வைக்கும் குட்டி மென்பொருள் ஒன்று போடு, மறதி மன்னிக்கப்படும். டிக். ஏழு: கடவுச்சொற்களை ஒரே பெட்டகத்தில் வை, மண்டையில் வைக்காதே. டிக். பதினொன்று: கேப்ஸ் லாக் பொத்தானை கண்ட்ரோலாக மாற்று, பெரிய எழுத்தில் கத்திப் பேசுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. டிக்.

பத்தொன்பது: பழைய கம்ப்யூட்டரை உடனே அழித்துவிடு. இரண்டு வீட்டில் குடியிருக்க முடியாது.

அதற்கும் டிக் போட்டு மூன்று நாளாகிறது.

ஒன்பதரை மணிக்கு ஃபோன் துடித்தது. அக்காவின் செய்தி.

'பெரிய டாக்டர் முடிவா சொல்லிட்டார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள 42 ஃபோன்லயும் புது அளவு வரணும். வரலன்னா நாளைலேர்ந்து ஆப் கிடையாது. பேப்பர்தான்.'

'வரும்' என்று பதில் போட்டாள் பொடிசு. மூன்றே எழுத்து. அதிலும் மனசில்லாமல்.

அக்கா வீடு வீடாகப் போகும் நர்ஸ்களுக்கு மேற்பார்வையாளர். நடக்க முடியாதவர்கள், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்கள் என்று ஊர் முழுக்க நோயாளிகள். அக்காவையும் சேர்த்து நாற்பத்திரண்டு நர்ஸ்கள். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வது பொடிசின் ஆப். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைக்கு நாளை காலை ஆறு மணியிலிருந்து புது அளவுப் பட்டியல். பழைய ஆப் பழைய அளவைத்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸும் ஒரு வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு சொல்ல வேண்டியது வேறு ஒன்றை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் ஆப் பாதியில் நின்றுபோனது. நாற்பது பேர் முன்னால் அக்கா சொன்னாள்: "கூடப் பிறந்தவளாச்சேன்னு பாவம் பார்த்து எடுத்தேன். எனக்கு நல்லா வேணும்."

பின்வரிசையில் பொடிசு இருந்தாள்.

அன்றிலிருந்து அக்காவின் கீழ்வீட்டுக்கும் பொடிசின் மாடிக்கும் பேச்சு சுருங்கிவிட்டது. வேலை விஷயம் என்றால் செய்தி. வீட்டு விஷயம் என்றால் அக்காவின் மகள் வாலு மூலம் தூது.

ஆகவே இன்றைய ஐந்து மணி வெறும் ஐந்து மணி இல்லை. ஆப் போனால் இரண்டு வருட உழைப்பு போகும். கூடவே அந்த வாக்கியமும் உண்மையாகிவிடும்.

நல்லவேளை, வேலை நேற்றே முடிந்திருந்தது. முத்திரை குத்தி அனுப்புவதுதான் பாக்கி.

பொடிசு கட்டளையை அடித்தாள். நாற்காலியில் சாய்ந்து காபியை எடுத்தாள்.

திரையில் ஒற்றை வரி வந்தது. சாவிக் கோப்பு கிடைக்கவில்லை.

காபி வாய் வரைக்கும் போகவில்லை.

ஆப் செய்தவரிடம் ஒரு சாவி இருக்கும். சின்னக் கோப்புதான். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அதைக்கொண்டு முத்திரை குத்தினால்தான், 'இது அதே ஆளிடமிருந்து வருகிறது' என்று ஃபோன் நம்பும். வேறு முத்திரை என்றால் உள்ளே விடாது. பழைய ஆப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாம். ஆனால் நீக்கினால் அந்த ஃபோனில் சேர்ந்திருக்கும் நோயாளிகளின் குறிப்புகளும் போய்விடும். சிக்னல் இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களின் ஃபோனில் ஒரு வாரக் குறிப்புகூட அனுப்பப்படாமல் கிடக்கும்.

அந்தச் சாவியை யார் கையும் தெரியாமல் பட்டுவிடக் கூடாது என்று மறைவான ஃபோல்டரில் வைத்திருந்தாள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும், லினக்ஸில் அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது. இருக்கும், ஆனால் பட்டியலில் வராது.

பழையதிலிருந்து மாறிய அன்றைக்கு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத்தானே நகல் எடுத்தோம் என்று யோசித்தாள். எடுத்தாள்தான். திரையில் தெரிந்த எல்லாவற்றையும்.

வெளி டிஸ்கில் காப்பு நகல் இருக்கிறதே என்று மேஜை இழுப்பறையைத் திறந்தாள். டிஸ்கைச் சொருகினாள். அதிலும் இல்லை. அந்தக் காப்பு நகலை எடுப்பது அவளே எழுதிய நாலு வரி நிரல். அதில் 'எல்லாம்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தாள். நட்சத்திரக் குறிக்கு எல்லாம் என்றுதான் அர்த்தம், புள்ளியில் ஆரம்பிக்கும் பெயர்களைத் தவிர. இது முதல் வருடத்துப் பாடம். அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரண்டு வருடமாக வாரா வாரம், ஒழுங்காக, சாவியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

பொடிசு படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். நிலையில் தலை இடித்தது. நின்று தடவிக்கொள்ள நேரமில்லை.

கீழே வாலு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மடியில் பொடிசின் பழைய மடிக்கணினியை வைத்திருந்தாள். கட்டடக்கலை படிக்கிறாள். திரையில் ஒரு மாடிப்படி வரைபடம் பாதியில் நின்றது.

"அதை மூடு."

"ஏன் சித்தி?"

"மூடுன்னா மூடு. சேவ் பண்ணாத."

"சேவ் பண்ணாம எப்படி மூடுறது? காலைலேர்ந்து உசுரைக் கொடுத்து வரைஞ்சிருக்கேன்."

"நீ ஒவ்வொரு தடவை சேவ் பண்றப்பவும் என் சாவி மேல சிமெண்ட் கொட்டுற மாதிரி. உனக்குப் புரியற பாஷைலதான் சொல்றேன்."

வாலு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வரைபடத்தைத் தன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மூடினாள்.

"உங்கப்பா கொடுக்கும்போது இதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லியே. சுத்தமா காலி. விண்டோஸ் போட்டுக் கொடுத்தாரு, வரையுற சாஃப்ட்வேர் அதுலதானே ஓடும். புதுசு மாதிரி இருந்துச்சு. எனக்கே ஆச்சரியம், நம்ம வீட்ல எனக்கு ஒண்ணு புதுசா வர்றது."

பொடிசு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அழித்துவிடுங்கள் என்று அத்தானிடம் சொன்னது அவள்தான். அத்தான் தலையாட்டினார். அத்தான் தலையாட்டினால் வேலை முடிந்த மாதிரி. லிஃப்ட் மெக்கானிக். அவர் தொட்ட எதுவும் இந்த வீட்டில் பாதியில் நின்றதில்லை.

மேலோட்டமாக அழித்திருந்தால் மீட்க ஒரு வழி இருக்கும். முழுசாகத் துடைத்திருந்தால் இல்லை. எப்படி அழித்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஃபோன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு எடுக்க மாட்டாரு" என்றாள் வாலு. "பன்னெண்டு மாடிக் கட்டடம், கேபிள் மாத்துறாங்க. ஃபோனைப் பெட்டியில போட்டுட்டுதான் ஏறுவாரு. சாயங்காலம் ஆறு மணி ஆகும்."

"கட்டடம் எங்கன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்."

பொடிசு ஃபோனில் அக்காவின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

"நான் வேணா அம்மாகிட்ட..." என்று வாலு ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றாள் பொடிசு. "இதை நானே சொல்லணும்."

அக்கா எடுத்ததும் பின்னால் இருமல் சத்தம், யாரோ பேர் கூப்பிடும் சத்தம்.

"சொல்லு. அனுப்பிட்டியா?"

"அக்கா, சாவி போச்சு."

"எந்தச் சாவி? வீட்டுச் சாவியா?"

பொடிசு சொன்னாள். புள்ளி, நட்சத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது, தப்பு என்னுடையது, அத்தானைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். சொல்லி முடித்து அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

அக்கா பின்னாலிருந்த யாரையோ ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"கீழ வந்து வாசல்ல நில்லு. அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கோ. பத்து நிமிஷத்துல வர்றேன்."

பத்து நிமிஷம் நாற்பதானது. அக்கா ஒரு மயக்கக் கேஸைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. வந்தவள் ஸ்கூட்டரை நிறுத்தாமலேயே ஹெல்மெட்டை நீட்டினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு பொடிசு அக்காவின் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் பை. பையில் கம்ப்யூட்டர். முழங்கால்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன.

"காலை உள்ள இழு. எதிர்ல வர்றவன் மேல இடிக்கப் போற."

"இதுக்கு மேல இழுத்தா இடுப்புல செருகிக்கணும்."

அக்காவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா, வேகத்தடையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

ஊரின் மறுகோடியிலிருந்த கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவில் சங்கிலி போட்டுச் சிவப்புச் சீட்டு தொங்கியது. 'ஆள் உள்ளே வேலை செய்கிறார். இந்தச் சீட்டைக் கட்டியவர் தவிர வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது.' கீழே அத்தானின் கையெழுத்து, தேதி, நேரம்.

"எங்க இருப்பாரு?"

"உச்சியில. மோட்டார் ரூம்ல."

பன்னிரண்டு மாடி. லிஃப்ட் சரி செய்கிறவரைப் பார்க்கப் படியேறித்தான் போக வேண்டும்.

நான்காவது மாடியில் அக்கா நின்று மூச்சு வாங்கினாள். நோயாளிகளுக்கு மாடி ஏறச் சொல்லிக்கொடுக்கிறவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பையைக் கொடு" என்றாள் பொடிசு.

"பை உன்கிட்டதானே இருக்கு."

"உன் பையை."

கொடுத்தாள். ஏழாவது மாடியில் பொடிசு நின்றாள்.

"நாளைக்குப் பேப்பர்னா, உன் பேரும் கெட்டுப்போகுமில்ல?" என்று கேட்டாள். மூச்சு வாங்கும்போது கேட்பது சுலபமாக இருந்தது.

"என் பேரு கிடக்கு. அந்தப் பேப்பரை எழுதப் போறவங்க நாப்பத்திரண்டு பேர். வீட்டுக்கு வீடு பத்து நிமிஷம் எழுதணும். அந்தப் பத்து நிமிஷம் எங்க குறையும் தெரியுமா? நோயாளிகிட்ட குறையும்." அக்கா இரண்டு படி ஏறினாள். "உன் ஆப் வந்தப்புறம்தான் பசங்க நோயாளி முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சாங்க."

"இதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

இன்னும் ஐந்து மாடி இருந்தது.

மோட்டார் அறையில் அத்தான் ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். கையில் கிரீஸ். வாசலில் மனைவியும் மைத்துனியும் ஒன்றாக நின்று மூச்சிரைப்பதைப் பார்த்ததும் மூடியை மூடிவிட்டு எழுந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உட்காருங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. ஒண்ணும் ஆகலன்னா எப்படி நம்புறது?"

"அத்தான்" என்றாள் பொடிசு. "என் பழைய கம்ப்யூட்டரை எப்படி அழிச்சீங்க? மேலோட்டமாவா, முழுசாவா?"

"நான் எங்க அழிச்சேன்?"

"நான் அழிக்கச் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"தலையாட்டினேன். அழிச்சேன்னு சொல்லலையே." அத்தான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நாலு நாள்கூட ஓடாத புதுசை நம்பி யாராவது பழசை அழிப்பாங்களா? லிஃப்ட்டுக்குப் புது போர்டு மாத்தினா, கழட்டின போர்டுக்குச் சீட்டு கட்டி ஒரு மாசம் வச்சிருப்போம். புதுசு என்னிக்குப் பல்லைக் காட்டும்னு யாருக்குத் தெரியும்? டிஸ்கைக் கழட்டிட்டு வாலுவுக்கு வேற டிஸ்க் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

அக்காதான் கேட்டாள்.

"கழட்டினது எங்கங்க இருக்கு?"

அத்தான் தன் கருவிப் பெட்டியைத் திறந்தார். முதல் தட்டில் ஸ்பானர்கள், இரண்டாவதில் திருப்புளிகள், மூன்றாவதில் சின்னச் சின்ன உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புச் சீட்டு. அதிலொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உறைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டிஸ்க். சீட்டில் கட்டை எழுத்தில்: 'பொடிசு. பழசு. கழற்றியவர் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது.'

பொடிசு கையை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடு" என்றார் அத்தான்.

"என்னது?"

"சீட்டுல. வாங்கிக்கிட்டேன்னு. தேதி, நேரம் எல்லாம் போடணும்."

"என்னங்க, அவ இருக்கிற நிலைமைல..."

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். நாளைக்கு யார் எடுத்தாங்கன்னு நான் யாரைக் கேட்கிறது?"

பொடிசு கையெழுத்துப் போட்டாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை. அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். பழக்கம். நாடி பார்க்கிறவள் போலவே பிடித்தாள், ஆனால் விநாடி எண்ணவில்லை.

"இந்த டிஸ்கை மேக்ல சொருகினா படிக்காது" என்றாள் பொடிசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லினக்ஸ் பாஷை அதுக்குத் தெரியாது. இதையே பழைய உடம்புல மாட்டித்தான் எடுக்கணும்."

"அதுக்கென்ன" என்றார் அத்தான்.

மடிக்கணினியைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினார். ஒவ்வொரு திருகையும் எந்த இடத்தில் எடுத்தாரோ அதே வரிசையில் ஒரு ஒட்டுநாடாவில் ஒட்டி, எண் போட்டார். அக்கா தன் தலைக்கு மேல் ஃபோன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாலுவின் டிஸ்க் வெளியே வந்து இன்னொரு உறைக்குள் போனது. அதற்கும் சீட்டு.

பழைய டிஸ்க் உள்ளே போனது. திரை கருத்தது. பிறகு பொடிசுக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த முகம் எழுந்து வந்தது. பொத்தான்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மறைந்திருப்பவற்றையும் காட்டு என்று ஒரு கட்டளை அடித்தாள். விரல்கள் யோசிக்காமல் அடித்தன.

பட்டியல் நீண்டது. புள்ளி, புள்ளி, புள்ளி. நடுவில் சாவி வைத்த ஃபோல்டர்.

"இருக்கு" என்றாள்.

"இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்குக்கா."

அத்தான் டிபன் டப்பாவைத் திறந்தார். "ரெண்டு பேரும் சாப்பிடலைல்ல? உட்காருங்க. மோட்டார் சூடு, நல்ல இடம்."

பொடிசு பென்டிரைவைச் சொருகினாள். அப்போதுதான் பட்டியலின் கடைசி வரி கண்ணில் பட்டது. அங்கேயும் ஒரு புள்ளி. ஆனால் மற்றவை எல்லாம் ஆங்கில எழுத்து, இது ஒன்று மட்டும் தமிழ்.

'.பொடிசுக்கு'

இதை அவள் உண்டாக்கவில்லை. உண்டாக்கிய தேதி பக்கத்திலேயே இருந்தது. ஏழு மாதத்துக்கு முன், அந்தக் கூட்டத்துக்கு மறுநாள். அப்போதெல்லாம் அக்கா மாடிக்கு வந்து இந்தக் கம்ப்யூட்டரில்தான் தன் பணிப் பட்டியலைத் தட்டுவாள். புள்ளி வைத்தால் மறைந்துவிடும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதும் பொடிசுக்கு நன்றாகத் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தாள். அக்கா திரையைப் பார்க்கவில்லை. ஃபோன் விளக்கை அணைக்கத் தெரியாதவள் போல அதையே நோண்டிக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

பொடிசு நகல் எடுக்க ஆரம்பித்தாள். மணி இரண்டு இருபது.

நாலு பத்துக்கு மாடி அறையில் மேக் முத்திரையை ஏற்றுக்கொண்டது. பெட்டகத்திலிருந்து கடவுச்சொல் ஒரே தட்டில் வந்தது. ஏழாவது குறிப்பு காலை வாரவில்லை. நாலு பதினைந்துக்குப் புதுப் பதிப்பு கிளம்பியது.

திரையில் நாற்பத்திரண்டு கட்டங்கள். வாலு பக்கத்தில் நின்று எண்ணினாள். ஒன்று பச்சையானது. மூன்று. ஒன்பது. பேருந்தில் இருந்தவர்கள், நோயாளி வீட்டு வாசலில் இருந்தவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அழுத்தினார்கள். நாலு நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நாலு நாற்பத்தேழுக்கு நாற்பத்தொன்று.

ஒரு கட்டம் மட்டும் சாம்பலாகவே நின்றது.

"யாரு சித்தி அது? சிக்னல் இல்லாத இடமா?"

பொடிசு எண்ணைப் பார்த்தாள். "சிக்னல் நல்லாத்தான் இருக்கு. இந்த வீட்லதான் இருக்கு."

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா. ஏழு மாதத்துக்குப் பிறகு மாடிப்படி ஏறி வந்திருந்தாள். பன்னிரண்டு மாடி ஏறிய கால், கொஞ்சம் நொண்டியது.

"எனக்கு நீயே போட்டுக் கொடு" என்று ஃபோனை நீட்டினாள்.

"பொத்தானை அழுத்தினா போதும்."

"தெரியும். நீயே போட்டுக் கொடு."

பொடிசு வாங்கி அழுத்தினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. கடைசிக் கட்டமும் பச்சையானது. அக்கா அங்கேயே நின்று பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டாள்.

"நாப்பத்திரண்டுலயும் வந்துடுச்சு சார். ஆமா சார். செஞ்சவ பக்கத்துலதான் இருக்கா. என் தங்கச்சி." ஒரு நிமிடம் கேட்டாள். "இல்ல சார், பாவம் பார்த்து எடுக்கல. நல்லா இருக்குன்னுதான் எடுத்தேன்."

டாக்டர் அப்படி எதுவும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பொடிசு சுவரிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றாள். பேனா எடுத்து, பத்தொன்பதாவது குறிப்பை அடித்துவிட்டு எழுதினாள்: பழையதற்குச் சீட்டு கட்டி ஒரு மாதம் வை. சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றாம் எண்ணுக்கும் முன்னால், ஒரு சுழியம் போட்டாள். மறைந்திருப்பதை முதலில் எடு.

வாலு கீழே ஓடிவிட்டாள். அக்கா போகாமல் நாற்காலியின் முதுகைத் துடைப்பது போல் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பழைய டிஸ்க்" என்றாள். "மறுபடி உங்க அத்தான்கிட்டதானே போகும்?"

"ஆமா. கழட்டி உறையில போட்டுட்டாரு. ஒரு மாசம்."

"ஒரு மாசம் கழிச்சு?"

"அழிச்சுடலாம்."

அக்கா மூச்சு விட்டாள். "நல்லது. ஒரு மாசம் கழிச்சு நானே அவர்கிட்ட ஞாபகப்படுத்துறேன்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "சாப்பிட வா. கீழ எடுத்து வச்சிருக்கேன். தலையைக் குனிஞ்சு வா."

படிகளில் அவள் காலடி இறங்கிப் போவதைப் பொடிசு கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி இருந்தது அக்காவுக்கு. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மோட்டார் அறையில் நகல் எடுக்கும்போது பொடிசு நட்சத்திரக் குறியை நம்பவில்லை என்பது அக்காவுக்குத் தெரியாது. இந்தத் தடவை புள்ளி வைத்தவை உட்பட ஒன்றுவிடாமல் எடுத்திருந்தாள்.

புதுக் கம்ப்யூட்டரின் திரையில், கடைசி வரியில், அது காத்திருந்தது. '.பொடிசுக்கு'. உள்ளே ஒரே ஒரு கோப்பு.

"சித்தி, ஆறுது" என்று கீழேயிருந்து வாலு கத்தினாள்.

பொடிசு விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். மூடியைச் சாத்தினாள். நிலைக்கு நேராக வந்ததும் மறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள்.